கேட்டவன் கடன்

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர்களோடு சம்பந்தப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுதியாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. ஒன்றே ஒன்று நம்முடைய செஞ்சி. செய்தி வந்த மறுவாரம் எனக்குத் தெரிந்த பத்திரிகாசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்களுக்குச் செஞ்சிப் பக்கம் நல்ல பழக்கம் ஆயிற்றே! ராஜா தேசிங்கு, ராணி, குதிரை என்று நாலு பக்கம் எழுதி அனுப்புங்களேன்" என்றார். ஒப்புக்கொண்டேன். புறப்பட்டும் போனேன். ஆனால் கோட்டையைப் பற்றி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று சொல்வதானால் நாற்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

1980ஆம் வருஷத்துக் கோடை விடுமுறை. நான் அப்போது பட்டப்படிப்பு மாணவன். எங்கள் பேராசிரியர் ஒருவர், நல்ல மனிதர், பெயர் வேண்டாம், செஞ்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்தக் கிராமத்தின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. மாணவர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். தினப்படி எட்டு ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு. படுக்கை ஊராட்சிப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில். ஆளுக்கு ஒரு கட்டு அச்சடித்த படிவங்கள். படிவத்தில் மூன்று பாகங்கள் இருந்தன. முதல் பாகம் தண்ணீர். கிணறு உண்டா, எத்தனை ஆள் ஆழம், கவலை இறைக்கிறார்களா, ஆயில் எஞ்சினா, மின்சார மோட்டாரா, சித்திரையில் தண்ணீர் நிற்குமா? இரண்டாம் பாகம் ஜனம். வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிறந்தது, எத்தனை நிலைத்தது? மூன்றாம் பாகம் படிப்பு.

இந்த மூன்றும் தனித்தனிச் சங்கதிகள் அல்ல, ஒன்றே என்பது பேராசிரியரின் சித்தாந்தம். இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி எங்களை உட்கார வைத்துக்கொண்டு அதை விளக்குவார். கிணறு வற்றினால் தூரத்துத் தண்ணீருக்குக் குடம் எடுத்துக்கொண்டு போவது யார்? வீட்டின் மூத்த பெண் குழந்தை. குடம் தூக்குகிறவள் எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்? பள்ளிக்கூடம் போகாதவளுக்குப் பதினாறு வயதில் கல்யாணம். பதினாறில் கல்யாணமானவளுக்கு முப்பதுக்குள் ஐந்து குழந்தைகள். ஐந்து குழந்தைகளுக்கும் நிலத்தைப் பிரித்தால் துண்டு துண்டாகும், துண்டுக்கொரு கிணறு வெட்டுவான், கிணற்றுக்குக் கிணறு தண்ணீரைத் திருடிக்கொள்ளும், மறுபடியும் வறட்சி. "இந்தச் சக்கரத்தை எந்த இடத்தில் பிடித்து நிறுத்தலாம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் நம்முடைய ஜன்மம் சாபல்யமாகும்" என்பார். எனக்கு உடம்பு சிலிர்க்கும். இருபது வயதில் எதற்குத்தான் சிலிர்க்காது!

அந்த ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றரைக் காணி நிலம், பாதியில் மல்லாட்டை, பாதியில் கேழ்வரகு. என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிந்ததும் நான் படிவத்தை மடித்தேன்.

"கெணத்தக் கேட்ட, புள்ளைங்களக் கேட்ட, செத்ததக்கூட கேட்ட. எல்லாத்தயும் எழுதினு போறியே தம்பி, போயி இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"புத்தகமாகப் போடுவோம் ஐயா."

"போட்டு?"

"சர்க்கார் பார்க்கும்."

"பாத்து?"

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அசடு வழியச் சிரித்துவிட்டு, "புத்தகம் வந்ததும் நானே கொண்டுவந்து காட்டுகிறேன் ஐயா" என்றேன்.

"காட்டு தம்பி. இந்த ஊர்ல எத்தினி கெணறு இருக்குதுன்னு எனக்கும் தெரிஞ்சா நல்லதுதான். இங்கியே பொறந்து இங்கியே கெடக்குறோம், யாரு எண்ணிப் பாத்தோம்?"

இது ஒரு வாக்கு. இனி அடுத்ததைச் சொல்கிறேன்.

கடைசி நாள் எனக்கு மிச்சமிருந்தவை மூன்று வீடுகள். ஏரியின் கலங்கலைத் தாண்டி, ஓடைக்கு அப்பால், ஒதுங்கிக் கிடந்தவை. ஊரிலேயே ஏழைகளுக்கும் ஏழைகள் அங்கே இருந்தார்கள் என்று கேள்வி. மத்தியானம் மூன்று மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. இடி, மின்னல், காற்று. மாலையில் லாரி வருகிறது. ஊர் திரும்ப வேண்டும். நான் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று படிவங்களையும் நானே நிரப்பிவிட்டேன். கிணறு: இல்லை. குழந்தைகள்: நான்கு, மூன்று, ஐந்து. பள்ளிக்குச் செல்பவர்: இரண்டு, ஒன்று, இரண்டு. ஒரு வாரம் கேட்டுக் கேட்டு எழுதிய பழக்கத்தில் எந்த எண் சந்தேகத்துக்கு இடமில்லாத எண் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. மழையும் சற்றைக்கெல்லாம் நின்றுவிட்டது. லாரி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் சீட்டாடினோம்.

இரண்டு வருஷம் கழித்து அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சுப் பிரதி. நன்றியுரையில் என் பெயரும் இருந்தது, எழுத்துப் பிழையோடு. ஒரு பிரதி என் கைக்கு வந்தது. நான் அதைப் பெரியவருக்குக் கொண்டு போய்க் காட்டவில்லை. வேலை தேடினேன், கதை எழுதினேன், கல்யாணம் செய்துகொண்டேன். அறிக்கை பரணுக்குப் போயிற்று.

இப்போது வாசகர் கேட்கலாம்: இதில் என்ன பெரிய பாதகம்? நானும் பல தடவை அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஊரில் நாங்கள் எழுதியவை மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு வீடுகள். அதில் மூன்று. அந்த மூன்றிலும் நான் எழுதியது ஊரின் சராசரியை ஒட்டிய எண்தான். அட்டவணையில் ஒரு புள்ளிகூட அசைந்திருக்காது. பேராசிரியரின் முடிவு மாறவில்லை. சர்க்கார் அந்த முடிவைப் படித்ததா என்பதே சந்தேகம். ஒரு பொய்யினால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்றால் அது பொய்தானா என்று வக்கீல் மாதிரி வாதம் செய்து பார்த்திருக்கிறேன்.

வாதம் ஜெயிக்கிறது, மனம் ஒப்பவில்லை. காரணம் மெதுவாகத்தான் விளங்கிற்று. சராசரிக்குப் பொருந்துகிற பொய்யை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஊரோடு ஒத்துப்போகாத மனிதர்கள் யாராவது இருந்தால், அவர்களைப் பற்றிச் சொல்லும் பொய் இதுதான்: 'இவர்களும் மற்றவர்களைப் போலத்தான்.' ஆராய்ச்சியே அந்த மூன்று வீடுகளுக்காகத்தான் ஏற்பட்டது. கிணறுள்ள ரெட்டியாரின் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று தெரிந்துகொள்ளப் பேராசிரியர் வரவில்லையே! எவர்களைத் தேடி வந்தோமோ அவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போனோம்.

இந்த 'ஊருக்குப் போய்க் கேள்' என்ற பழக்கத்துக்கு நம் ராஜ்யத்தில் ஒரு மூலபுருஷர் உண்டு. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன்னால் ஆக்ஸ்போர்டில், தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். வந்தவர் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் கிராமத்துக்குப் போய் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்தக் கணக்குகள் 1918இல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு கிராமம் அந்நாளையத் தென்னாற்காட்டைச் சேர்ந்த இருவேல்பட்டு. இன்று செஞ்சியைப் போலவே அதுவும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இருவேல்பட்டின் கதை எனக்கு ஒரு நாவலைப் போலத் தோன்றுவதுண்டு. 1916இல் ஸ்லேட்டரின் மாணவர் கேட்டார். 1936, 37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடியும் அந்தக் கிராமங்களைக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்து, 1940இல் புத்தகம் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய மூவர் போனார்கள். 1916இல் அங்கே படியாட்கள் இருந்தார்கள். கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள். அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தவர்கள். 2008இல் போனவர்கள் வேறு காட்சியைக் கண்டார்கள். ஆண்கள் வெளியூர்களுக்குக் கட்டட வேலைக்கும் பிற வேலைகளுக்கும் போகிறார்கள். நிலச்சுவான்தார் குடும்பத்தின் பிடி தளர்ந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டு ஆண்டு! ஒரே ஊரை இவ்வளவு காலம் தொடர்ந்து கேட்டதனால்தான் இந்த மாற்றத்தை ஊகமாக இல்லாமல் உண்மையாகச் சொல்ல முடிகிறது. ஆராய்ச்சியைப் பழிக்க வந்தவன் அல்ல நான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் கதாசிரியனின் புத்தி வேறு பக்கம் போகிறது. அந்த ஊரில் ஏதாவதொரு வீட்டில் கொள்ளுத்தாத்தா, தாத்தா, தகப்பன், மகன் நால்வரும் அதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கக் கூடும். 'எவ்வளவு நிலம், எவ்வளவு கடன்?' கேட்டவர்கள் பேராசிரியர் ஆனார்கள், டாக்டர் பட்டம் பெற்றார்கள். சொன்னவர்கள்?

இருவேல்பட்டுக்கு அதன் பெயராவது மிஞ்சியது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஆந்த்ரே பெத்தேய் ஆராய்ந்த கிராமம் 1965இல் அவருடைய புத்தகத்தில் 'ஸ்ரீபுரம்' என்று வருகிறது. காத்லீன் கஃப் ஆராய்ந்தது 'கும்பப்பேட்டை' என்று வருகிறது. இரண்டும் வைத்த பெயர்கள். ஊரார் சொன்னது ஊராருக்கே தீங்காகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் பெயரை மறைக்கிறார்கள். நானும் இந்தக் கட்டுரையில் அதையேதான் செய்கிறேன். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன்னைப் பற்றி உலகப் பிரசித்தியான ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்பது அந்த ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

கேட்கப்படுகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. இது பஞ்சாபில் நடந்தது. 1953 முதல் 1960 வரை, கன்னா என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ஜனத்தொகை ஆராய்ச்சி ஒன்றை நடத்தினார்கள். கருத்தடைக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாதா மாதம் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்; மக்களும் வாங்கிக்கொண்டார்கள், உபயோகிக்கிறோம் என்று பலர் சொல்லவும் செய்தார்கள். பிறப்பு விகிதம் மட்டும் அவர்கள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பிற்பாடு மஹ்மூத் மம்தானி என்ற ஆராய்ச்சியாளர் மானுபூர் என்ற கிராமத்துக்குப் போய் விசாரித்து, 1972இல் எழுதினார். ஒரு வீட்டில் அந்த மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம் மாதிரி செய்து வைத்திருந்தார்களாம். ஏன் வாங்கினீர்கள் என்றால், அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், நல்ல மனிதர்கள், முகத்தை முறிப்பானேன் என்பதுதான் அவர்கள் எண்ணம். உழுது பிழைக்கிறவனுக்குப் பிள்ளைகள் சுமை அல்ல, கை என்பது மம்தானி கண்டுபிடித்த காரணம். அந்தக் காரணத்தைக் கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

இதைப் படித்தபோது நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே ஊரார் மரியாதைக்காகப் பொய் சொன்னார்கள். இங்கே நான் மழைக்காகப் பொய் எழுதினேன். அட்டவணையில் இரண்டும் ஒரே அச்செழுத்தில்தான் வருகின்றன.

எண் என்பதை எப்படி மதிக்க வேண்டும் என்பதற்குச் செஞ்சியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே திருநாதர் குன்று. தீர்த்தங்கரர் இருபத்துநால்வரையும் வரிசையாகச் செதுக்கியிருக்கும் பாறை. பக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி ஆசிரியர் என்ற ஜைனத் துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் என்று அது சொல்கிறது. 'ஐ' என்ற எழுத்தின் வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு அந்தக் கல்வெட்டு முக்கியம். எனக்கு முக்கியமானது அந்த எண். ஐம்பத்தேழு! 'சுமார் இரண்டு மாதம்' என்று வெட்டியிருந்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? எவனோ ஒருவன் அந்தப் பாறையின் பக்கத்தில் ஒவ்வொரு நாளாக எண்ணியிருக்கிறான். சாகிற மனிதருக்கு அவன் வேறு எதையும் கொடுக்க முடியவில்லை. கணக்கைச் சரியாகக் கொடுத்தான். அந்தக் குன்றின் மேல் நின்றுகொண்டு என்னுடைய நான்கையும் மூன்றையும் ஐந்தையும் நினைத்தபோது எனக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் போலிருந்தது.

கோட்டையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் செஞ்சியின் சரித்திரத்தை எழுதினார். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ஜான் டெலோஷ் மதில் மதிலாக, குளம் குளமாகப் பார்த்து 2005இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். சக்கரக்குளம், செட்டிக்குளம், மண்குழாய்களில் தண்ணீர் ஏறிய வழி எல்லாவற்றையும் இன்று நாம் தெரிந்துகொள்ளலாம். கல்லைக் கேட்டவனுக்குக் கல்லிடம் கடன் கிடையாது. அதன் பதிலைப் பிழையில்லாமல் எழுதினால் போதும். மனிதனைக் கேட்டவனுக்கு?

என் சிநேகிதர் ஒருவர் பொருளாதார ஆராய்ச்சியாளர். அவரிடம் இந்தக் கேள்வியைப் போட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். "இது உங்கள் கதைக்காரர்களுடைய உணர்ச்சி. டாக்டர் ரத்தம் எடுக்கிறார். அந்த ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறாரா? மருந்தைக் கொடுக்கிறார். அறிவு சுற்றி வளைத்துத்தான் திரும்பி வரும். எங்கேயோ ஒரு கிராமத்தில் குழந்தைகள் பட்டினியோடு பள்ளிக்கு வருகிறார்கள் என்று எவரோ கண்டு சொல்கிறார். இன்னொரு கிராமத்தில் சத்துணவு போடுகிறார்கள். பதில் சொன்னவனுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் என்ன?" என்றார்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சமீப காலத்தில் நம் மாநிலத்திலேயே அதற்கு உதாரணங்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை 2019இல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருந்தார்கள். கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த பிறகு, 2021 டிசம்பரில் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். எழுத்தும் கணக்கும் பெரிய அளவில் பின்தங்கியிருந்தன. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது; அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருத்தெருவாக மாலை வேளையில் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இப்படி எண்ணிச் சொன்னதனால்தான், படித்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது வீண் அல்ல என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

அங்கன்வாடிகளைப் பற்றி இன்னோர் ஆராய்ச்சி. நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பணியாளரைக் கொடுத்தார்கள். அந்த மையங்களில் பாடம் சொல்லித் தரும் நேரம் இரட்டிப்பாயிற்று. குழந்தைகளின் படிப்பும் ஊட்டமும் முன்னேறின. மற்றப் பாதிக்குக் கொடுக்காததனால்தான் இது தெரிந்தது! என் மனைவி இதைக் கேட்டதும், "அந்தப் பாதிக் குழந்தைகள் என்ன பாவம் செய்தன?" என்றாள். எல்லாருக்கும் கொடுக்கப் பணமில்லாத இடத்தில் சிபாரிசு பார்த்துக் கொடுப்பதைவிடச் சீட்டுப் போட்டுக் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. சீட்டு விழாத ஊரின் தாய்க்கு யாராவது ஒருவர் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தால் என் மனைவியின் கேள்விக்குப் பாதிப் பதிலாவது கிடைத்திருக்கும்.

ஆகவே சிநேகிதரின் வைத்திய உவமையை நான் ஒரு திருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் ரத்தத்தைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் 'உன் ரத்தத்தில் இது இருந்தது' என்று சொல்ல வேண்டும். ரத்தம் அவனுடையதுதானே! நாம் ஊர் ஊராகச் சோதித்து, சோதனை முடிவை ஊராருக்குப் புரியாத பாஷையில் எழுதி, அவர்கள் போக முடியாத நூல் நிலையத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பிறகு அறிவு சுற்றி வளைத்து வரும் என்கிறோம்.

இந்த எண்ணங்களோடுதான், கோட்டைக்குப் போன மறுநாள், பரணிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய அறிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கிராமத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனேன்.

ஊர் அடையாளம் தெரியவில்லை. எல்லாம் மெத்தை வீடுகள். பேராசிரியர் ஜனப்பெருக்கத்தை நினைத்து ஓர் அத்தியாயம் முழுவதும் கவலைப்பட்டிருந்தார். பாவம், அவர் பயந்தது நடக்கவில்லை. 1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி நான்கு குழந்தைகள், 2020இல் 1.4. ஜனத்தொகை குறையாமல் நிற்க வேண்டுமானால் 2.1 வேண்டும் என்கிறார்கள். நாங்கள் படுத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வந்திருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பத்தொன்பது குழந்தைகள். ஆனால் சக்கரத்தின் மற்றொரு பக்கத்தில், தண்ணீர் விஷயத்தில், அவர் பயந்ததைவிட மோசமாக நடந்திருந்தது. அந்தப் பக்கமெல்லாம் கெட்டிப் பாறை. மேலே இற்றுப்போன மண்ணில் தேங்கும் தண்ணீர்தான் கிணற்றுத் தண்ணீர். மோட்டார் பெருகி, 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசமான பிறகு, ஆழ்குழாய் போட்டுப் பாறை வெடிப்பிலிருந்து உறிஞ்சினார்கள். ஒருவர் முந்நூறு அடி போட்டால் அடுத்தவர் நானூறு அடி. கிணறுகள் வாய் திறந்தபடி வறண்டு கிடந்தன. சிலவற்றில் குப்பை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு என்று கணக்கு. அதில் ஒன்றான இந்த ஊர் ஏரியில் சீமைக் கருவேல் மண்டியிருந்தது.

பெரியவரின் வீட்டை விசாரித்துப் போனேன். அவர் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அவருடைய பேரன் வாசலில் நின்றிருந்தார்; நாற்பது வயதிருக்கும். என் கையில் காகிதத்தைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்குள், "வீட்ல நாலு பேரு சார், ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் ஸ்கூலு, காரை வூடு, டாய்லெட் இருக்குது. ஓடிபி ஏதாச்சும் கேப்பீங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நான் கேட்க வரவில்லை, சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஏழெட்டுப் பேர். நான் அறிக்கையைப் பிரித்து, 1980இல் இந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை மாடு, எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் வேடிக்கையாகக் கேட்டார்கள். கிணறு என்ற அட்டவணைக்கு வந்து "பதினெட்டு" என்றேன்.

"பதினெட்டா? யாரு சொன்னது? பத்தொம்பது" என்றார் பெஞ்சியின் கோடியில் இருந்தவர்.

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் விரலை மடக்க ஆரம்பித்தார்கள். நாட்டார் கிணறு, புளியமரத்துக் கிணறு, வண்ணான் கிணறு, பங்காளிக் கிணறு, பாம்புக் கிணறு... தூர்ந்துபோன கிணறுகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. எங்கள் அட்டவணையில் ஒன்றுக்கும் பெயரில்லை. அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு பத்தொன்பது என்றே தீர்ந்தது. மற்றொன்று ஏரிக்குள் இருந்ததாம்; மழைக்காலத்தில் முழுகிவிடும். நான் பேனாவை எடுத்துப் பதினெட்டை அடித்துப் பத்தொன்பது என்று எழுதினேன். பெரியவரின் பேரன் அதைத் தம் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

பிறகுதான் கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "கலங்கலைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம், அப்போது மூன்று வீடுகள் இருந்தனவே, அவர்கள் எங்கே?"

இளைஞர்களுக்குத் தெரியவில்லை. அங்கே வீடே இருந்ததில்லை என்றார் ஒருவர். வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாள், எழுபதுக்கு மேலிருக்கும், அடுப்பை விட்டுத் திரும்பினாள்.

"மூணு இல்ல சாமி, நாலு வூடு."

"படிவத்தில் மூன்று என்றுதான் இருந்தது அம்மா."

"முன்னால நின்னு பாத்தா மூணுதான். நாலாவது பின்னால, கள்ளி வேலிக்கு அந்தாண்ட. கூரைகூட கெடையாது, தென்ன ஓலயச் சாத்திக்கினு இருந்தா. புருசன் செத்துட்டான். கிட்டப் போனாத்தான் தெரியும்."

நான் கிட்டப் போகவில்லை. போயிருந்தால் என் கண்ணில் அது பட்டிருக்கும்.

"அவர்களுக்குக் குழந்தைகள் இருந்தார்களா?" என்று கேட்டேன். பேனா இன்னும் என் கையிலேயே இருந்தது.

அந்த அம்மாள் என்னையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப எழுதி இன்னா பண்ணப் போற?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். எண்ணெய்ச் சட்டியில் வடை கருக ஆரம்பித்தது. அவள் திரும்பி அதை எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "ரெண்டு பொட்டப் புள்ளைங்க. பெரியவ பேரு எனக்குத் தெரியும். எழுதிக்க" என்றாள்.